அவர் இடப்பக்கம், நான் வலப்பக்கம்

ஒருவர் தனியாக நின்று கராத்தே பழகுவதை வேலிக்கு அப்பால் நின்று பார்த்தால், அவருக்குப் பைத்தியம் என்றுதான் நினைக்கத் தோன்றும். எதிரில் ஆள் இல்லை. ஆனாலும் தடுக்கிறார், குத்துகிறார், சட்டென்று திரும்பிப் பின்னால் வராத ஒருவனையும் தடுக்கிறார். என் பக்கத்து வீட்டு அக்கா ஒரு நாள் கிடுகு வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துக் கேட்டே விட்டார்.

“பிள்ளை, ஆரோட சண்டை பிடிக்கிறாய்?”

“ஒருத்தரோடையும் இல்லை அக்கா. பழகிறன்.”

“ஒருத்தரும் இல்லாமல் என்ன பழக்கம்?”

கட்டா என்றால் என்னவென்று விளக்கத் தொடங்கினேன். அடியும் தடுப்பும் ஓர் ஒழுங்கில் கோக்கப்பட்டிருக்கும், தனியாளாகச் செய்வது, எப்போது எந்தப் பக்கம் திரும்புவது என்பதெல்லாம் முன்பே தீர்மானிக்கப்பட்டது என்று சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, “மனுசன் வெளிநாடு போனா இப்பிடித்தான் வரும்” என்று சொல்லி மீன் கழுவப் போய்விட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருந்தாலும் அவர் சொன்னதில் பிழை பிடிக்க எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

நான் யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியில், சுருவிலில் இருக்கிறேன். ஊர்காவற்துறையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறேன். கணவர் கொரியாவில். பிள்ளைகள் இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து கதவைத் திறந்தால், காலையில் நான் குடித்துவிட்டு வைத்த தேத்தண்ணிக் கோப்பை வைத்த இடத்திலேயே இருக்கும். அதை எடுத்துக் கழுவ இன்னொருவர் இல்லை என்பது அந்த நேரத்தில்தான் ஒவ்வொரு நாளும் புதிதாகத் தெரியவரும்.

எங்கள் இருவரையும் சேர்த்துவைத்தது கராத்தே. யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து ஞாயிற்றுக்கிழமைகளில் சாட்டிக் கடற்கரையில் வகுப்பு நடத்தினார். தேவாலயத்தில் பூசை முடிந்ததும் நான் வெள்ளை உடுப்போடு பஸ் ஏறுவேன். “இண்டைக்கு ஆருக்கு அடி?” என்று கொண்டக்டர் தொடக்கம் கிழவர்கள் வரை எல்லோரும் கேட்பார்கள். அந்த வகுப்பில் எனக்கு மூத்த மாணவராக ஒருவர் இருந்தார். முறைப்படி அவரை அண்ணை என்று கூப்பிட்டேன். பிறகு அந்த அண்ணையையே கட்டிக்கொண்டேன். இதைச் சொல்லி என்னைக் கேலி செய்யாத ஆள் சுருவிலில் இல்லை.

எங்கள் வகுப்பில் ஒரு வழக்கம் இருந்தது. கட்டா தொடங்குமுன் ஆளுக்கொரு சிப்பி பொறுக்கி, நிற்கிற இடத்தில் குதிக்காலுக்குப் பின்னால் வைக்க வேண்டும். கட்டா எப்படிச் சுற்றினாலும், தொடங்கிய இடத்தில்தான் முடியும். முடிந்து நிற்கும்போது சிப்பி குதிக்காலுக்குப் பின்னால் இருந்தால் சரி. தள்ளிக் கிடந்தால் எங்கோ ஓர் அடி நீண்டிருக்கிறது, அல்லது குறைந்திருக்கிறது. மணலில் கால் தடங்களும் கிடக்கும். எவரும் எதுவும் சொல்லத் தேவையில்லை. நாமே பார்த்து, பிழைத்த இடத்தைக் கண்டுபிடித்து, திரும்பச் செய்வோம்.

காலப்போக்கில் சிப்பிகள் குறைந்தன. ஒருவர் பாரிசுக்குப் போனார். ஒருத்தி கல்யாணம் முடித்து லண்டன் போனாள். வகுப்பு நடத்தியவரும் ஒரு நாள் வராமல் விட்டார். கடைசியில் இரண்டு சிப்பிகள்தான் மிஞ்சின. ஒன்று அவருடையது, மற்றது என்னுடையது. கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், நான் எப்போதும் அவருக்கு வலப்பக்கமாக நின்றேன். எங்கள் இருவருக்கும் அது போதுமாக இருந்தது. எனக்கு இன்னும் போதும்.

அவருக்குப் போதாமல் போனது. கடல் தொழில் செய்கிற குடும்பத்தில் பிறந்தும், கடலுக்குப் போக மாட்டேன் என்று பிடிவாதமாக நின்றவர் அவர். வேலணையில் ஒரு கடையில் மோட்டார் திருத்தினார். கொரியாவுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, கொரிய மொழிப் பரீட்சைக்குப் படிக்கத் தொடங்கினார். சாப்பாட்டு மேசையில் அந்த எழுத்துகளை எழுதி எழுதிப் பார்ப்பார். “நீரும் ரெண்டு எழுத்துப் பழகுமன், நல்ல சுகமான எழுத்து” என்பார். நான் ஒரு எழுத்துக்கூடப் பழகவில்லை. இந்த எழுத்துதான் இவரை வீட்டிலிருந்து கொண்டுபோகப் போகிறது என்று எனக்குத் தெரிந்திருந்தது. மேசையைத் துடைக்கும்போதுகூட அந்தத் தாள்களைப் பார்க்காமல் துடைத்தேன். பரீட்சையில் அவர் பாஸ் பண்ணினார்.

விதி என்று சொல்லுங்கள், வேறென்ன. இங்கே கடலுக்குப் போக மாட்டேன் என்ற மனிதனுக்கு அங்கே கடல் பாசி வளர்க்கிற இடத்தில்தான் வேலை கிடைத்தது.

போய் ஒரு பனிக்காலம் கழிந்திருக்கும். ஒரு பின்னேரம் போன் எடுத்தார். குரலில் ஒரு உற்சாகம். அவரிடம் நான் மறந்துபோயிருந்த உற்சாகம்.

“இஞ்சரும், நான் தைக்குவாண்டோ பழகத் தொடங்கிட்டன்.”

“என்னது?”

“இஞ்ச பக்கத்தில ஒரு மண்டபம் இருக்கு. வேலை முடியப் போறனான்.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவர் வேறு ஒருத்தியைப் பிடித்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால்கூட அவ்வளவு வந்திருக்குமோ தெரியாது. “அது கால் தூக்கிற கூத்தெல்லோ. கறுப்புப் பட்டியைக் கட்டிக்கொண்டு போய், புதுப் பொடியன் மாதிரி வெள்ளைப் பட்டி கட்டிறியளோ?” என்று கேட்டேன். “ஓம், வெள்ளைப் பட்டிதான்” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் ஒரு வெட்கமும் இல்லை. போனை வைத்துவிட்டேன்.

இரண்டொரு நாளில் ஒரு வீடியோ வந்தது. “இது அவங்கட முதல் கட்டா. பூம்சே எண்டு சொல்லுறவங்கள். பாரும், உமக்கு ஒண்டு தெரியும்” என்று எழுதியிருந்தார். பார்க்கக்கூடாது என்றுதான் இருந்தேன். பார்த்தேன். ஒரு மண்டபம். சுவரில் பெரிய கொரிய எழுத்து. கதிரையிலோ எதிலோ போனைச் சாய்த்து வைத்துவிட்டு, அவர் தூரப் போய் நிற்கிறார். புது உடுப்பு. எங்களுடையது போல முன்னால் ஒன்றின்மேல் ஒன்று மடித்துக் கட்டுகிற சட்டை இல்லை, தலையால் போடுகிற சட்டை. பிறகு திரும்பினார். கையைக் கீழே இறக்கித் தடுத்தார். ஓர் அடி முன்வைத்துக் குத்தினார். அப்படியே பின்னால் திரும்பினார். கீழ்த் தடுப்பு. அடி வைத்துக் குத்து.

இது எங்களுடையது. சாட்டி மணலில் நாங்கள் முதன்முதல் பழகிய கட்டா இப்படித்தான் தொடங்கும். ஒரு பக்கம் திரும்பித் தடுத்து, அடி வைத்துக் குத்தி, பின்னால் திரும்பித் தடுத்து, மறுபடியும் குத்து. உடுப்பு வேறு, பெயர் வேறு, மண்டபம் வேறு. உள்ளே இருந்த எலும்பு அதுதான்.

அடுத்த நாள் நானே போன் எடுத்தேன். அவர் சொன்ன கதை இது. கராத்தே பிறந்தது ஒக்கினாவா என்ற தீவில். அதற்கும் முன்னால் சீனாவிலிருந்து வந்த வேர் ஒன்று உண்டு. தீவிலிருந்து அது யப்பானுக்குப் போனது. கொரியாவை யப்பான் ஆண்ட காலத்தில், அங்கே படிக்கப் போன கொரியப் பொடியன்கள் அதைப் பழகிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். தொடக்கத்தில் கட்டாக்களைக்கூட அப்படியே வைத்திருந்தார்கள். ஒக்கினாவாவில் பினான், யப்பானில் ஹெயான், கொரியாவில் பியோங்ஆன். மூன்றும் ஒரே எழுத்துகளால் எழுதுகிற ஒரே பெயர், பொருள் அமைதி. நாடு விடுபட்ட பிறகு, நம்மை ஆண்ட யப்பானின் சொத்து நமக்கெதற்கு என்று தங்களுக்கென்று புதிய பூம்சேக்களை அமைத்தார்கள். ஆனால் பழகிய கைகால் பழையதை விடவில்லை.

“இஞ்ச இந்தக் கதையைச் சத்தமாச் சொல்லக்கூடாது” என்றார். “எல்லாம் எங்கட நாட்டில ஆதியில இருந்தே இருந்தது எண்டு சொல்லுற ஆக்களும் இருக்கினம்.”

அதைக் கேட்டு எனக்கு அந்த மனிதர்கள்மேல் முதல் தடவையாக ஒரு பிரியம் வந்தது. போர்த்துக்கீசன் விட்டுப்போன கதிரையில் இருந்து, அவன் விட்டுப்போன அலுமாரியைத் திறந்து, அவன் தந்த வேதத்தின் செபமாலையை எடுத்துச் செபிக்கிறவள் நான். கதிரை, அலுமாரி, குசினி எல்லாம் அவன் விட்டுப்போன சொற்கள். என் குசினியை எவனாவது வந்து போர்த்துக்கீசனுடையது என்று சொன்னால் அகப்பைக்காம்பால் அடிப்பேன். வந்த வழி வேறு, இப்போது யாருடையது என்பது வேறு. இதைக் கொரியருக்கு விளங்கப்படுத்த வேண்டியதில்லை, தீவாருக்கும் வேண்டியதில்லை. யாழ்ப்பாணப் பட்டணத்து ஆட்கள் எங்களைத் தீவார் என்று ஒரு மாதிரி இழுத்துச் சொல்லும்போது இனி ஒன்று சொல்லலாம் என்று நினைத்தேன்: கராத்தேயும் தீவாருடையதுதான்.

அன்று பின்னேரமே நான் பழகத் தொடங்கினேன். அவருக்குச் சொல்லாமல்.

வீட்டின் பின்னால் என் மாமனார் காலத்தில் கருவாடு காயப்போட்ட சீமெந்துத் தரை ஒன்று இருக்கிறது. யன்னல் விளிம்பில் போனை வைத்து, வீடியோவைப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். அவர் என் பக்கம் முகம் காட்டி நிற்கிறார். எனவே படத்தில் அவருடைய இடக்கை என் வலப்பக்கத்தில் தெரியும். அதை மாற்றி யோசித்துத்தான் செய்யவேண்டும். கராத்தே பழகிய எங்களுக்கு இது கைவந்தது. எதிரில் நின்று காட்டுகிறவரைப் பார்த்துத்தானே எல்லாம் பழகினோம்.

முதலில் என் கால்கள் கேட்கவில்லை. எங்கள் நிலை நீளமானது, தாழ்வானது. முழங்கால் மடிந்து, தொடை எரியவேண்டும். அவர்களுடைய நிலை, நடந்து போகும்போது சட்டென்று நின்றால் எப்படியோ அப்படி. பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி நின்றுகொண்டு ஒருவனைக் குத்துவதா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. தாழ்ந்து தாழ்ந்து போய்விடுவேன். எழும்பி, அடியைச் சுருக்கி, மறுபடியும் தொடங்குவேன். உதை வருகிற இடத்தில் நாங்கள் வயிற்றளவில் விடுகிற காலை அவர்கள் இன்னும் மேலே அனுப்புவார்கள். பெஞ்சில் ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு விடைத்தாள் திருத்தினேன். காலும் மெல்ல மெல்ல உயர்ந்தது.

ஒன்று மட்டும் புதிராக இருந்தது. எங்கள் முதல் கட்டா இடப்பக்கம் திரும்பித் தொடங்கும். வீடியோவில் அவர் வலப்பக்கம் திரும்பினார். எல்லாம் எங்களுடையது போலவே இருக்க, பக்கம் மட்டும் மாறிக் கிடந்தது. சில நாள் யோசித்து, காரணத்தை நானே கண்டுபிடித்தேன். எங்களை ஆண்ட யப்பான்காரன் இடப்பக்கம் திரும்பினால் நாங்கள் வலப்பக்கம் திரும்புவோம் என்று கொரியர் வேண்டுமென்றே மாற்றியிருக்கிறார்கள்! எவ்வளவு அழகான வீம்பு. எங்கள் பள்ளிக்கூடத்து விளையாட்டு ஆசிரியரைப் பிடித்து இடைவேளை முழுக்க இதை விளங்கப்படுத்தினேன். பாவம், அவர் வடையைக் கையில் வைத்துக்கொண்டு தலையாட்டினார்.

இணையத்தில் தேடினால் உலகத்து ஆட்கள் எல்லோரும் இந்தப் பூம்சேயைச் செய்து போட்டிருப்பார்கள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தேடவில்லை. எனக்குத் தைக்குவாண்டோ தேவைப்படவில்லை. அவர் கை போகிற இடத்துக்கு என் கை போகவேண்டும், அவர் திரும்புகிறபோது நான் திரும்பவேண்டும், அவ்வளவுதான் தேவைப்பட்டது. அந்தச் சின்ன வீடியோவில் அவர் மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்கும். இடையில் ஓரிடத்தில் கொஞ்சம் தடுமாறுவார். நான் அந்தத் தடுமாற்றத்தையும் பழகியிருந்தேன்.

ஒப்பந்தம் முடிகிற காலம் நெருங்கியது. லீவில் வருவதாகச் சொன்னார். திரும்பவும் போவதா, இங்கேயே நிற்பதா என்று வந்துதான் யோசிக்கவேண்டும் என்றார். நில்லுங்கோ என்று நான் கேட்கவில்லை. கெஞ்சி நிற்பாட்டிவைத்த மனிதரோடு எப்படி முகம் பார்த்து இருப்பது? ஆனால் மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டிருந்தேன். சாட்டிக்குக் கூட்டிக்கொண்டு போவேன். இரண்டு சிப்பி வைப்போம். முதலில் எங்கள் கட்டா. பிறகு, அவர் எதிர்பாராத நேரத்தில், அவருடைய பூம்சேயை அவர் பக்கத்தில் நின்று நான் செய்வேன். அங்கே போய் அவர் தேடிக்கொண்டது இங்கேயும் இருக்கிறது என்று அவருக்குத் தெரியவரும். தெரிந்தால் நிற்பார். இதுதான் என் கணக்கு. கணக்கு ரீச்சர் அல்லவா.

வந்தார். கொஞ்சம் வெளிறியிருந்தார். கொரியாவில் பழகியபடி தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் வாங்கி லேசாகத் தலை குனிந்தார். “நான்தான், உங்கட மனுசி” என்றேன். இருவரும் சிரித்தோம். முதல் வாரம் முழுக்கச் சொந்தக்காரர் வந்தார்கள். கொரிய நேரத்துக்கு எழும்பிப் பழகியதால், எங்கள் மணிக்கு முன்னாலேயே அவருக்கு விடிந்துவிடும். நான் எழும்பி வரும்போது அந்தச் சீமெந்துத் தரையில் தனியே இருந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். பக்கத்தில் போய் இருப்பேன். என்ன பேசுவது என்று இருவருக்கும் தெரியாமல் இருக்கும். அவர் கொரியாவில் இருந்தபோது எனக்கு இருந்த தனிமைக்கு ஒரு காரணம் இருந்தது. பக்கத்தில் இருக்கும்போது வந்த தனிமைக்கு என்ன காரணம் சொல்வது?

ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டேன். ஞாயிறு என்றால் சாட்டியில் பட்டணத்து ஆட்கள் வந்து நிறைந்துவிடுவார்கள். அன்று காலையில் எங்களைத் தவிர ஒரு நாயும், தூரத்தில் வலை காயப்போடுகிற ஒருவரும்தான். சிப்பி பொறுக்கினோம். அவர் தன்னுடையதை வைத்தார். வலப்பக்கத்தில் என்னுடையதை வைத்தேன்.

எங்கள் கட்டாவைச் செய்தோம். அவருடைய நிலை உயர்ந்துவிட்டிருந்தது. நான் தாழ்ந்து போக, அவர் தலை என்னைவிட மேலே போய்க்கொண்டிருந்தது. ஆனாலும் முடிவில் இரண்டு பேரும் சிப்பிக்கு முன்னால் நின்றோம். மூச்சு ஒன்றாக வாங்கியது. எனக்கு அப்போதே அழவேண்டும் போல் இருந்தது.

“இப்ப உங்கடையைச் செய்வம்” என்றேன்.

“எது?”

“பூம்சே.”

அவர் முகத்தில் வந்த ஆச்சரியத்தை நான் எத்தனை மாதமாகக் காத்திருந்து பார்த்தேன்! “உமக்கு அது தெரியுமோ? எப்ப பழகினனீர்?” என்று கேட்டார். “செய்யுங்கோ” என்று மட்டும் சொன்னேன். கடலைப் பார்த்து நேராக நின்றோம். தொடங்கினோம்.

நான் வலப்பக்கம் திரும்பினேன். தடுத்தேன். அடி வைத்துக் குத்தினேன். பின்னால் அவருடைய உடுப்புச் சத்தம் கேட்டது. என்னோடுதான் வருகிறார் என்று நினைத்துச் சந்தோசப்பட்டேன். அப்படியே பின்பக்கம் திரும்பினேன்.

அவர் எனக்கு நேரெதிரில், என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவரும் அப்போதுதான் திரும்பியிருந்தார். கை தானாகத் தடுத்தது. கால் தானாக அடி வைத்தது. பழகிய உடம்பு நிற்காது. நான் வலக்கையால் குத்தினேன். அவர் இடக்கையால் குத்தினார். மடக்கிய கைகள் இரண்டும் நடுவில் வந்து முட்டி நின்றன.

அவர் கையைக் கீழே போட்டுவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். “நீர் ஏன் மற்றப் பக்கம் திரும்பினனீர்?”

“நீங்கள்தான் பிழை. உங்கட வீடியோவில வலப்பக்கம்தானே.”

“இல்லையப்பா, இதுவும் எங்கட மாதிரி இடப்பக்கம்தான்.”

என் போனில் வீடியோவை எடுத்துக் காட்டினேன். பார்த்தார். இன்னும் கூடச் சிரித்தார். தனியாள் என்பதால், தான் படத்துக்குள் நிற்கிறேனா என்று பார்க்க முன் கமராவால் எடுத்தாராம். கண்ணாடியில் தெரிகிற மாதிரியே பதிந்துவிடுகிற போன் அது. “சுவரில இருக்கிற எழுத்தைப் பாரும், இடம் வலமா மாறிக் கிடக்கு. இதைக்கூடக் கவனிக்கேல்லையோ?” என்றார்.

கவனிக்க எனக்கு அந்த எழுத்துத் தெரியாது. சட்டையில் மடிப்பு இருந்திருந்தால் எந்தப் பக்கம் மேலே இருக்கிறது என்று பார்த்துப் பிடித்திருப்பேன், அதுவும் இல்லை. எட்டாம் வகுப்புக்குக் கண்ணாடி விம்பம் படிப்பிக்கிறவள் நான். ஆனால் இவை ஒன்றும் என்னைச் சுடவில்லை. அவருடைய இடப்புருவத்தில் ஒரு தழும்பு இருக்கிறது. சாட்டியில் சண்டைப் பயிற்சியில் நான் உதைத்த உதையில் வந்தது. வீடியோவின் கடைசியில் போனை நிற்பாட்ட அவர் கிட்ட வருவார்; முகம் திரை முழுக்க வரும். தழும்பு மற்றப் பக்கத்தில் இருந்தது. அந்த இடத்தில் வீடியோவை நிறுத்தி நிறுத்தி நான் எத்தனை தடவை பார்த்திருப்பேன். நான் வைத்த தழும்பு எந்தப் பக்கம் என்று எனக்கே தெரியாமல் போய்விட்டது. என்னைச் சுட்டது அதுதான்.

அவருக்குப் போனைப் பிடித்து எடுக்க ஒருவர் இருந்திருந்தால் இந்தப் பிழை வந்திராது. எனக்குப் பக்கத்தில் நின்று பார்க்க ஒருவர் இருந்திருந்தாலும் வந்திராது. இதை அவருக்குச் சொல்லத் தொடங்கினேன். அதற்குள் அவர் என்னைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு சொன்னார்:

“அது ஒண்டுமில்லை, மாத்திறது சுகம். நான் போய், பின் கமராவால வடிவா எடுத்து அனுப்பிவிடுறன்.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று அவருக்கே விளங்கியது.

“போயோ?” என்றேன்.

அவர் சிப்பியைக் காலால் தள்ளினார். “ஓம். கையெழுத்து வைச்சிட்டுத்தான் வந்தனான். சொல்ல நேரம் பாத்துக்கொண்டிருந்தன்.”

எனக்கு அழுகை வந்தது. அழுதேன். மறைக்கவில்லை. யோசிக்க வருகிறேன் என்று சொல்லிவிட்டு, முடித்துக்கொண்டு வந்திருக்கிறார். இவ்வளவு மாதமும் நான் போட்டது முடிந்த கணக்குக்கு விடை.

“இஞ்ச வந்து நான் என்ன செய்யிறது, சொல்லும்” என்றார். குரல் மெல்லியதாக இருந்தது. “அங்க பின்னேரம் அந்த மண்டபத்துக்குப் போனா, என்னை எதிர்பாத்துக்கொண்டு ஆக்கள் நிக்கினம்.”

“இஞ்சயும் ஒருத்தி எதிர்பாத்துக்கொண்டுதான் நிண்டவள்.”

வலை காயப்போட்டவர் எங்களைப் பார்த்துவிட்டு மறுபக்கம் திரும்பிக்கொண்டார். பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் இருந்துதான் வீட்டுக்கு வந்தோம். வழியில் மீன் வாங்கினோம். குழம்பு வைத்தேன், நன்றாக இருக்கிறது என்றார்.

போய்விட்டார். அங்கே போய்ச் சேர்ந்த கிழமையே சொன்னபடி புது வீடியோ அனுப்பினார். இந்த முறை சுவரில் எழுத்து நேராக இருக்கிறதாம். அவர் இடப்பக்கம்தான் திரும்புகிறார். முன்பு தடுமாறிய இடத்தில் இப்போது தடுமாறவில்லை. படம் கொஞ்சம் ஆடுகிறது. யாரோ கையில் பிடித்து எடுத்திருக்கிறார்கள். முடிவில் அந்த ஆள் என்னவோ சொல்ல, அவர் வாய்விட்டுச் சிரிக்கிறார். என்ன சொன்னார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. ஒரு தடவைதான் பார்த்தேன்.

“இப்ப சரியாப் பழகிட்டீரோ?” என்று போனில் கேட்பார். ஓம் என்பேன்.

பழகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து சாட்டிக்குப் போகிறேன், சனம் வருமுன். இரண்டு சிப்பி வைக்கிறேன். ஒன்றுக்கு முன்னால் நான் நிற்கிறேன். மற்றது எனக்கு இடப்பக்கத்தில், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில். இருவரும் சரியாகச் செய்தால், தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு போவோம். அவர் முதுகை நான் பார்க்கலாம், என் முதுகை அவர் பார்க்கலாம். முகம் பார்க்கிற இடம் ஒன்றுகூட அதில் இல்லை. அவர் சரியாகச் செய்து, நான் பிழையாகச் செய்தால் மட்டும்தான் அப்படி ஓர் இடம் வருகிறது.

ஆகவே வலப்பக்கம் திரும்புகிறேன். தடுத்து, அடி வைத்துக் குத்துகிறேன். பிறகு பின்னால் திரும்புகிறேன். அங்கே மணலும் அந்தச் சிப்பியும்தான். தடுக்கிறேன். ஓர் அடி முன்வைத்து, அவருடைய கை வந்து முட்டிய உயரத்துக்கு என் கையை நீட்டி, அடுத்த அசைவுக்குப் போகாமல் கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.